வலத்து மயிலை

கோழி கூவுமுன் ஆட்டுரல் சத்தம் கேட்டுவிடும். முந்தின இரவே ஊறப்போட்ட பருத்திக்கொட்டை. ஒரு கையால் குழவியைச் சுழற்றிக்கொண்டு மறு கையால் தள்ளிவிடுகிறார். கிரைண்டரில் ஆட்டினால் பால் சூடேறி மாட்டுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. தொழுவத்து மூலையில் யாரோ வாங்கித் தந்த கிரைண்டர் ஒன்று சாக்குப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

அறுபது வயது இருக்கலாம். ஊருக்கே சித்தப்பு. பேரன் வயதுப் பையன்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தலையில் துண்டு, இடுப்பில் மடித்துக் கட்டிய கைலி, காதில் செருகிய பாதி பீடி. அந்தப் பீடியைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

நாட்டரசன்கோட்டையில் பூட்டிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நிற்கும் அப்படி ஒரு வீட்டின் பின்பக்கத் தொழுவம் இது. வீட்டுக்காரர்கள் செவ்வாய்ப் பொங்கலுக்கு வருவார்கள். தைப்பொங்கல் கழிந்த முதல் செவ்வாயன்று கண்ணாத்தாள் கோயில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் வரிசை பிடித்துப் பானை வைக்கும். முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மறுநாளே கார்கள் கிளம்பிவிடும். மற்ற நாட்களில் இந்தப் பின்தெருவில் ஆட்டுரலும் மாட்டு மணியும்தான். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனை யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை.

தொழுவத்தில் இரண்டு மாடு. செவலை பழையது. பந்தயச் சாலையின் சத்தமும் கூட்டமும் அதற்கு அத்துப்படி. மயிலை ஐப்பசியில் வந்தது. மணப்பாறைப் பக்கம் வாங்கியது என்கிறார்கள். விலையைக் கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள், எல்லாமே லட்சத்தில். செவலை எடத்து மாடு, மயிலை வலத்து மாடு. அந்த இடமும் சும்மா அமைந்ததில்லை. மாற்றிப் பூட்டிப் பார்த்ததில் செவலை பத்தடி போய் நின்றுகொண்டதாம். “எம்புட்டு அடிச்சாலும் நகராதுப்பு அது. அதுக்கு எடம் எடந்தான்” என்று சித்தப்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

பருத்திப்பாலில் தவிடு, வேகவைத்த கொள்ளு, ஊறிய உளுந்து. ஒரு மாட்டுக்கு இத்தனை என்று எண்ணி எடுத்த பேரீச்சம்பழம், கொட்டை நீக்கி. மூங்கில் கொட்டத்தில் நாட்டுக்கோழி முட்டை வேறு. புல் தின்னும் ஜீவனுக்கு முட்டை எதற்கு என்று ஒரு கால்நடை மருத்துவர் இங்கே வந்து கேட்டால் நல்ல சண்டை நடக்கும். கொடுக்கிற அளவிலும் நேரத்திலும் அவர் காட்டும் கண்டிப்பை மட்டும் எந்த மருத்துவரும் குறை சொல்ல முடியாது. வயிறு நிறைந்த மாட்டை அவர் நடக்க விடமாட்டார். நடந்து வந்த மாட்டுக்கு மூச்சு ஆறும்வரை தண்ணீர் காட்டமாட்டார். கையை விலாவில் வைத்துக்கொண்டு நிற்பார், வெகுநேரம். அந்த நேரத்தில் யார் பேசினாலும் பதில் வராது.

சாரதி வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். சிவகங்கையில் ஏதோ ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை, இருபத்தைந்து வயது இருக்கும். பைக்கை நிறுத்தியதும் முதலில் மீசையைத் தடவுவான், பிறகுதான் மாட்டைத் தடவுவான். பந்தயத்தன்று கயிற்றைப் பிடித்து வண்டியில் உட்காரப்போவது அவன். கூடவே ஏறியும் இறங்கியும் ஓடப்போகிற துணைச் சாரதி இன்னும் சின்னவன், பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிப்பை விட்டவன். இருவருக்கும் வேகம் வேண்டும். சித்தப்பு நடக்கத்தான் விடுவார். கம்பர் சமாதிப் பக்கம் போகும் சாலையில் இரண்டு மாடுகளையும் வெறும் நுகத்தடியில் பிணைத்து, வண்டியில்லாமல், காலார நடத்திப்போவது. மாடுகளின் குளம்பைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் வருவார். லாடம் அடித்த குளம்பு தார் ரோட்டில் விழும் சத்தம் இரண்டாகக் கேட்டால் முகம் சுருங்கும். ஒன்றாகக் கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். பெரும்பாலும் இரண்டாகத்தான் கேட்கிறது.

கம்பர் அடங்கிய இடம் என்று நம்பப்படும் அந்தச் சமாதியில் பங்குனி அத்தத்தன்று விழா நடக்கும். பிள்ளைகளுக்குக் கல்வி வர அங்கே ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு நாள் சாரதி அதைச் சாக்காக வைத்து ஆரம்பித்தான்.

“சித்தப்பு, மயிலைக்கும் ஒரு கிள்ளு மண்ணு வச்சுப் பாப்பமா? திரும்பக் கத்துக்கிரும்ல.”

“மொத ஒனக்கு வைக்கணும்டா. கயித்த எப்பச் சுண்டணும், எப்ப விடணும்னு ஒனக்கே தெரியல. மாட்டச் சொல்ல வந்துட்டான்.”

துணைச் சாரதி சிரித்தான். அவன் தலையிலும் ஒரு தட்டு விழுந்தது.

நடை முடிந்து வெயில் சூடு பிடிக்கும் நேரத்தில் கண்மாய்க்குப் போவார்கள். ஊருக்குள் இருக்கும் கோயில் தெப்பக்குளத்தில் மாட்டை இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. குடிதண்ணீர் ஊருணிகளுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக மாட்டார்கள். வெளியே, கருவேலம் மண்டிய கரைக்கு அப்பால் இருக்கும் கண்மாய்தான். சிவகங்கைச் சீமையில் ஆறென்று சொல்ல வைகை உண்டு. மானாமதுரைப் பாலத்தில் நின்று பார்த்தால் பாதி வருசத்துக்கு மணல்தான் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் கட்டி வைத்து, அதைக்கொண்டு வயலும் மாடும் மனுசரும் பிழைப்பதுதான் இந்தப் பூமியின் ஏற்பாடு. மார்கழியில் கரை தொட்டு நிற்கும் தண்ணீர் மாசியில் நடுப்பள்ளத்துக்கு ஒடுங்கிவிடும். மாட்டுக்கு நீச்சல் காட்ட வேண்டுமானால் அதற்குள் காட்டியாக வேண்டும். பந்தய மாடு வளர்ப்பவர்களுக்குக் கண்மாய் நீர்மட்டம்தான் நாட்காட்டி.

லாரி டியூப் ஒன்று. காற்றடித்து, நடுவில் சணல் சாக்கைக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊரில் படகென்றால் அதுதான். துணைச் சாரதி அதில் குப்புறக் கிடந்து, ஒரு கையால் துழாவிக்கொண்டு, மறு கையில் கயிற்றோடு முன்னால் போகிறான். செவலை தானாகவே இறங்கிவிடுகிறது. கழுத்தளவு வந்ததும் நிலம் கைவிட்டுப் போகும் அந்த ஒரு கணத்தில் உடம்பு லேசாக முன்னால் சாயும், பிறகு மூக்கும் திமிலும் மட்டும் வெளியே. புஸ் புஸ்ஸென்று மூச்சு. தண்ணீருக்குள் நாலு காலும் ஓடிக்கொண்டே இருக்கும், குளம்பில் பாரம் இருக்காது. ரோட்டில் இதே அளவு ஓடவிட்டால் முட்டியும் குளம்பும் தேயும். தண்ணீரில் நெஞ்சும் தொடையும் இறுகும், மூச்சு ஆழமாகும். இங்கே அதற்குத் தம்மு என்று பெயர். கண்மாய்க் கரையில் காலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, எல்லாப் பேச்சும் தம்மு பற்றித்தான்.

மயிலை இறங்காது. கரையில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். சாரதி பின்னால் இருந்து வாலை முறுக்கப் போனான். சித்தப்பு அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கை தானாக விலகிவிட்டது. கைலியை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டு, கோவணத்தோடு அவரே இறங்கினார். மாட்டின் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து, காதருகே ஏதோ முனகிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். மாடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தது. தண்ணீர் அவர் வாயைத் தொட்டபோதும் முனகல் நிற்கவில்லை. அங்கிருந்து நீந்தினார். மாடும் நீந்தியது. ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். அன்றைக்கு அது போதும் என்று கரையேற்றி, வைக்கோல் பிரியால் உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டார், அவர் உடம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

வண்டி திண்ணையோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பார வண்டி பார்த்த கண்ணுக்கு அது வண்டியாகவே தெரியாது. மெலிந்த சட்டம், ஆள் குந்த ஒரு பலகை, சின்னச் சக்கரம், அவ்வளவே. அச்சில் பூசிய கிரீஸ் மட்டும் தாராளம். இந்த வண்டி சில வருடம் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தச் சொன்னது. 2017 சனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியதும், சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்ததும், 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றதும் ஊரறிந்த கதை. தடை இருந்த நாட்களில் தீனி போட முடியாமல் சித்தப்பு கவனித்த சோடியை விற்றுவிட்டார்கள். அதை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நீதிமன்றம் எழுப்பிய கேள்வி ஒன்றும் வீம்புக் கேள்வியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசி மைலில் சாட்டை எப்படிப் பேசும் என்பதைச் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாலைக் கடிக்கிறவர்களும் உண்டு. இந்தத் தொழுவத்தில் சாட்டை ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்கும் அதிகாரம் சாரதிக்குப் பந்தயத்தன்று மட்டும்.

டீக்கடையில்தான் அந்த வீடியோவும் வந்தது. துணைச் சாரதி செல்போனைச் சித்தப்புவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு. மின்னசோட்டாவின் இடாஸ்கா ஏரியிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை சுமார் 3,700 கிலோமீட்டர். நாலு பேர், ஒரே துடுப்புப் படகு, இரவு பகல் நிறுத்தாமல், முறைவைத்துப் படகுக்குள்ளேயே தூங்கி, 2023 மே மாதம் 16 நாள் 20 மணி 16 நிமிடத்தில் கடந்திருக்கிறார்கள். 2021இல் வேறு நால்வர் 17 நாள் 19 மணி 46 நிமிடத்தில் முடித்ததை முறியடித்த கணக்கு. பையன் திரையில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டினான். ஸ்காட் மில்லர், பால் காக்ஸ், ஜட்சன் ஸ்டெய்ன்பேக், வாலி வெர்டரிக்.

சித்தப்பு கிளாசைக் கீழே வைத்தார். “ஒருத்தன் சத்தம் குடுக்க எல்லாரும் ஒண்ணாப் பக்கம் மாத்திப் போடுறான் பாரு. அதான் சோடி.” கொஞ்சம் பார்த்துவிட்டுக் கேட்டார். “பதினாறு நாளும் இவனுகளுக்கு யாருப்பு சோறு ஆக்குனது?”

“கூடவே வேற போட்டுல ஆளு வந்து குடுப்பாங்களாம் சித்தப்பு.”

“அவன் பேரு போட்டிருக்கானா?”

பையன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். டீக்கடைக்காரர் குறுக்கே வந்தார். அவர் ஆலப்புழையில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். நேரு 1952இல் வந்து பார்த்துக் கோப்பை கொடுத்த வள்ளங்களிப் படகுப் பந்தயத்தை, புன்னமடைக் காயலில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறாராம். சுண்டன் வள்ளத்தில் நூறு பேருக்கு மேல் ஏறுவார்கள், ஒரு துடுப்புப் பிந்தினால் வரிசை முழுக்கக் குலையும், பந்தயத்துக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே முகாம் போட்டு, ஊரே காசு போட்டுச் சமைத்துப் போடும் என்றார். “அந்த அரிசி மூட்டையப் பாக்கணுமே நீங்க.” சித்தப்பு தலையாட்டினார். அரிசி மூட்டை அவருக்குப் புரிந்தது.

வண்டியின் சொந்தக்காரர் சிங்கப்பூரில். அவருடைய நீச்சல் மேற்பார்வை வீடியோ கால் வழியாக நடக்கும். அங்கே சாப்பாட்டு இடைவேளை, இங்கே கண்மாய்க் கரை. “சித்தப்பு, மயிலை தொப்ப போட்டாப்புல தெரியுதே.” “கேமரா அப்பிடிக் காட்டுது தம்பி.” “ஓட்டம் காட்டுனீங்களா?” “காட்டுவோம்.” “எப்ப?” “காட்டுவோம் தம்பி.” போனைப் பிடித்திருக்கும் சாரதி தன் முகமும் தெரிகிற மாதிரி அடிக்கடி கையைத் திருப்பிக்கொள்வான்.

ஓட்டம் காட்டும் நாளும் வந்தது. ஒரு பொட்டலின் நடுவே பழைய தார் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். எல்கைப் பந்தயம் என்பது போய்த் திரும்புவது. பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல், சின்ன மாட்டுக்கு ஆறு மைல் என்று ஊருக்கு ஊர் சற்று மாறும். நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருடம் ஆன பிறகும் இந்தச் சாலைகளில் மாடு மைலில்தான் ஓடுகிறது. பாதியில் எல்கை. அங்கே கொடியை முதலில் எடுக்கும் வண்டிக்குத் தனிப் பரிசு வைப்பதும் உண்டு. கூட்டம் நிற்பது புறப்படும் இடத்தில்தான். ஆனால் பந்தயம் அவிழ்வதும் முடிச்சு விழுவதும் எல்கையில். சாலையில் இடப்பக்கமாகப் போகிற வண்டி வலப்புறம் வளைந்து திரும்ப வேண்டும். வலத்து மாடு உள்ளே. அது நிதானித்துக் காலை ஊன்றிச் சுற்றினால்தான் எடத்து மாடு வெளிவட்டத்தில் பாய்ந்து வரும். உள்மாடு அவசரப்பட்டால் நுகம் குறுக்கே திரும்பும், வண்டி சாயும், பின்னால் வருகிறவன் முந்திவிடுவான்.

செவலைக்கு வெளிவட்டம் தெரியும். மயிலைக்கு நிதானம் தெரியாது. டிரம்மைக் கண்டதும் பாயும். முதல் சுற்றில் சக்கரம் டிரம்மைத் தட்டியது. அடுத்த சுற்றில் துணைச் சாரதி குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கப் போய்க் கீழே விழுந்தான். “கயித்த இழுக்காத!” “விடு, விடு, விட்டுப்புடி!” சித்தப்பு டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மாடு தன்னைப் பார்க்கும் இடமாகப் பார்த்து. அடுத்த முறை மயிலை அவரைக் கண்டு ஒரு எட்டுக் குறைத்தது. வண்டி அழகாக வளைந்தது. சாரதி இரண்டு கையையும் தூக்கிக் கூவினான். சித்தப்பு சந்தோசப்படவில்லை. மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டுக் கருவேல மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றார். அவர் இல்லாத டிரம்மில் மயிலை பழையபடி பாய்ந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தவர் யாரையும் திட்டவில்லை. மாட்டை அவிழ்க்கச் சொன்னார்.

அன்றிலிருந்து திருப்பத்தில் சித்தப்பு நிற்பதை விட்டுவிட்டார். பையன்தான் நிற்க வேண்டும், பிறகு பையன் ஓடிக்கொண்டே குரல் மட்டும் கொடுக்க வேண்டும். “ஓ…வ்” என்று நீட்டி ஒரு சத்தம். அதே சத்தத்தைத் தீனி வைக்கும்போதும், கண்மாயில் வட்டம் திருப்பும்போதும், தேய்த்துவிடும்போதும் பையன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பையன் கூச்சப்பட்டான். தெருவில் போகிற பெண்பிள்ளைகள் சிரிப்பார்களாம். “சிரிக்கட்டும், நீ கத்து.” தை பிறந்தபோது தெருவுக்கே அந்தச் சத்தம் பழகிவிட்டிருந்தது. செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்திருந்த ஒரு வீட்டு ஆச்சி சன்னலைத் திறந்து, “யாருக்கப்பா ஒடம்பு சரியில்ல?” என்று கேட்டார்.

பந்தயம் மாசியில், ஒரு கோயில் திருவிழாவை ஒட்டி, வேறு ஊரில். மினி லாரியில் வைக்கோல் பரப்பி மாட்டை ஏற்றினார்கள். வழி நெடுகக் குடிக்க நம்மூர்த் தண்ணீர், இரண்டு டிரம். சாரதியும் நண்பர்களும் பைக்கில். சித்தப்பு பின்னால் மாடுகளோடு நின்றுகொண்டார். முன்சீட்டில் இடமிருக்கிறது என்று டிரைவர் இரண்டு முறை கூப்பிட்டும் போகவில்லை.

வண்டி மூன்றாவதாக வந்தது. மறுநாள் பத்திரிகையில் உள்பக்கத்தில் நாலு வரி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, ஊர்ப் பெயர்கள். மூன்றாவதில் சிங்கப்பூர்க்காரரின் மகள் பெயர் இருந்தது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தை. வண்டியை அவள் பெயரில்தான் பதிந்திருந்தார்கள். அப்படிப் பதிவது இங்கே வழக்கம். ராசி என்பார்கள்.

தொழுவத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்கையில் மயிலை பையன் குரலுக்கு எட்டுக் குறைத்ததாம், சுத்தமாகத் திரும்பியதாம், கொடிகூடக் கைக்கு எட்டியதாம். திரும்பி வரும் வழியில், கடைசி மைலில், சாட்டை விழுந்ததும் மிரண்டு பக்கம் இழுத்துவிட்டது. மற்ற இரண்டு வண்டியும் முந்திப் போனது அங்கேதான். சாரதி சாட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. பையன் சொன்னான். சாரதி அவனை முறைத்தான். சித்தப்பு வேப்பெண்ணெயைச் சூடுகாட்டி மயிலையின் முன்னங்கால் மூட்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் சாட்டை இல்லை, எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“சித்தப்பு, மயிலைய வெலைக்குக் கேக்குறாய்ங்க. போட்ட காசுக்கு மேலயே தர்றாய்ங்க. அதக் குடுத்துட்டு வேற நல்லதாப் பாப்பமா?”

சித்தப்பு கையை நிறுத்தவில்லை. மூட்டிலிருந்து குளம்புவரை வழித்து இறக்கினார்.

“சித்தப்பு, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் தம்பி. கண்மாய்ல இன்னும் ஒரு மாசத் தண்ணி கெடக்கு. அது வத்துற மட்டும் வெலப் பேச்சு எடுக்காதீங்க. அப்பறம், அந்தக் கொள்ளுக் கடக்காரனுக்குப் பழைய பாக்கி இருக்கு, மொத அத அனுப்பிவிடுங்க.”